குண்டு துளைக்காத உடையில் துப்பாக்கியைத் தோளில் பொருத்துவது: ஓர் எளிய விளக்கம்

2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்தியாவில் குண்டு துளைக்காத உடையைப் பற்றிப் பெரிய விவாதம் எழுந்தது. அன்று முதல் இன்று வரை அந்தப் பேச்சு இரண்டு கேள்விகளைச் சுற்றியே நடக்கிறது: அந்த உடை எந்தத் தோட்டாவைத் தடுக்கும், அதன் எடை எத்தனை கிலோ? துப்பாக்கியைப் பற்றிய பேச்சும் அது எவ்வளவு தூரம் சுடும், நிமிடத்துக்கு எத்தனை தோட்டா என்பதோடு முடிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் ஒரே மனிதர் ஒரே நேரத்தில் தம் உடலில் தாங்குகிறார் என்பதும், துப்பாக்கி வந்து அமர வேண்டிய இடத்தில் கவசம் ஏற்கெனவே அமர்ந்திருக்கிறது என்பதும் பேசப்படுவதே இல்லை. யாராவது கேட்டால்கூட, "கனமாகத்தான் இருக்கும், பழகினால் சரியாகிவிடும்" என்ற பதிலே கிடைக்கிறது.

எடை உண்மையான சுமைதான். அது மூச்சு வாங்க வைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும், நின்று குறிபார்க்கும்போது துப்பாக்கி முனையை ஆட வைக்கும். ஆனால் கவசம் அணிந்தவுடன், களைப்பு வருவதற்கு முன்பே, முதல் தோட்டாவிலேயே தொல்லை தருவது எடையன்று; தடிமன். தோளுக்கும் துப்பாக்கிக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் கூடினால் கையின் எட்டம், கன்னத்தின் இடம், கண்ணின் தூரம், நிற்கும் நிலை ஆகிய அனைத்தும் சேர்ந்து மாறுகின்றன. பயிற்சியால் உடல் வலுவைக் கூட்டலாம். கையின் நீளத்தைக் கூட்ட முடியாது. கவச உடை, துப்பாக்கி, தலைக்கவசம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து அளந்தால்தான் இந்தச் சிக்கல் கண்ணுக்குத் தெரியும். அதைத் துப்பாக்கியைத் தொட்டிராதவரும் புரிந்துகொள்ளும்படி விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மார்பில் பை மாட்டி வண்டி ஓட்டுபவர்

முதுகில் போட வேண்டிய பையை மார்புப் பக்கம் மாட்டிக்கொண்டு இருசக்கர வண்டி ஓட்டுபவரை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பை பெட்ரோல் டேங்கில் இடிப்பதால் அவர் இருக்கையில் சற்றுப் பின்னால் நகர்ந்து உட்காருகிறார். அதனால் கைப்பிடியைப் பிடிக்கக் கைகளை முழுமையாக நீட்ட வேண்டியிருக்கிறது. வேகம் காட்டும் முள்ளைப் பார்க்கக் குனிந்தால் தாடை பையில் முட்டுகிறது. வலது கையால் இடது தோளைச் சொறிய நினைத்தால் கை மார்பைச் சுற்றி எட்டுவதில்லை. பைக்குள் இரண்டு நோட்டுப் புத்தகங்கள் மட்டுமே இருக்கலாம், எடை அரைக் கிலோவைக்கூடத் தாண்டாமல் இருக்கலாம்; இருந்தும் இத்தனையும் நடக்கிறது. வண்டி மாறவில்லை, ஆளும் மாறவில்லை. இரண்டுக்கும் இடையே ஒரு தடிமன் வந்து சேர்ந்திருக்கிறது.

கவச உடை அணிந்த வீரருக்கு நடப்பதும் இதே மூன்றுதான்: எட்டம் குறைகிறது, தலை குனிய மறுக்கிறது, கைகள் மார்புக்குக் குறுக்கே சேர மறுக்கின்றன. இனி இதன் உட்பொறியைப் பார்ப்போம்.

கவச உடைக்குள் என்ன இருக்கிறது

இன்றைய படைவீரரின் கவச உடையில் இரண்டு அடுக்குகள் உண்டு. முதலாவது மென்கவசம்: கெவ்லர் போன்ற வலுவான இழைகளால் நெய்த துணியைப் பல மடிப்புகளாக அடுக்கிச் செய்தது. கைத்துப்பாக்கித் தோட்டாவையும் வெடிச்சிதறலையும் அது தடுக்கும். ரைபிள் தோட்டாவைத் தடுக்காது. அதற்காகவே இரண்டாவது அடுக்கு: மார்பிலும் முதுகிலும் செருகப்படும் வன்தகடு. போரான் கார்பைடு, சிலிக்கான் கார்பைடு போன்ற கடினமான பீங்கான் வகையின் பின்னால் வலுவான பாலிஎத்திலீன் இழை அடுக்கை ஒட்டி இதைச் செய்கிறார்கள். பீங்கான் தோட்டாவை உடைக்கிறது. பின்னுள்ள இழை அடுக்கு அந்தத் துண்டுகளைப் பிடித்து நிறுத்துகிறது.

அமெரிக்கத் தரைப்படையின் நடுத்தர அளவுத் தகடு ஏறத்தாழ 24 சென்டிமீட்டர் அகலமும் 32 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. தகட்டின் தடிமன் பொதுவாக 2 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அதற்குப் பின்னால் மென்கவசம், அதைத் தாங்கும் நைலான் உறை, தோள்வார், தோள்வாரின் உள்ளே பஞ்சு ஆகியவையும் சேர்கின்றன. தகட்டின் மேல் மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டிருப்பதைப் படங்களில் காணலாம். அந்த வெட்டு அழகுக்காக வந்ததன்று. துப்பாக்கியின் பின்முனைக்கும் கையின் அசைவுக்கும் கொஞ்சம் இடம் விடுவதற்காக வந்தது. கவசத்தை வடிவமைத்தவர்களே துப்பாக்கிக்காகக் கவசத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்திருக்கிறார்கள் என்பதற்கு அந்தச் சாய்வே சான்று.

துப்பாக்கி உடலைத் தொடும் நான்கு இடங்கள்

ரைபிளைத் தோளில் வைத்துக் குறிபார்க்கும்போது அது உடலை நான்கு இடங்களில் தொடுகிறது: தோள், கன்னம், விசையை (டிரிகரை) இயக்கும் கை, முன்பகுதியைத் தாங்கும் கை. வலக்கைப் பழக்கமுள்ளவரை வைத்தே இங்கே விளக்குகிறேன். இடக்கைப் பழக்கமுள்ளவர் இடவலத்தை மாற்றிக்கொள்ளலாம்.

துப்பாக்கியின் பின்பகுதியைக் காவல் துறையிலும் படையிலும் 'பட்' என்பார்கள். இங்கே பின்கட்டை என்று குறிப்பிடுகிறேன். காறை எலும்புக்குக் கீழே, மார்புத் தசைக்கும் தோள் மூட்டுக்கும் நடுவில், கையை முன்னே நீட்டும்போது ஒரு சிறு குழி உருவாகும். பின்கட்டையின் முனை அந்தத் தோள்குழியில்தான் பதிய வேண்டும். விசையிலிருந்து பின்கட்டையின் முனை வரை உள்ள தூரத்துக்கு விசைத்தூரம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். இக்கட்டுரையில் திரும்பத் திரும்ப வரப்போகும் அளவு இதுதான்.

விசைத்தூரம் ஆளுக்கு ஏற்றதாக இருந்தால் கன்னம் தானாகவே பின்கட்டையின் மேல் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியும். கண் குறிநோக்கிக்குப் பின்னால் ஒரே தூரத்தில் நிற்கும். முழங்கைகள் தளர்ந்து மடங்கியிருக்கும். அதிகமாக இருந்தால் துப்பாக்கி உடலை விட்டு விலகி முன்னால் நிற்கும். மிகக் குறைவாக இருந்தால் பெருவிரலோ குறிநோக்கியோ முகத்துக்கு மிக அருகில் வந்துவிடும்.

ஆளுக்கு ஏற்ற நீளம் வேண்டும் என்பது புதிய எண்ணமன்று. நம் ஊர்க் காவல் நிலையங்களில் நீண்ட காலம் இருந்த .303 லீ என்ஃபீல்டு ரைபிளுக்குப் பிரிட்டிஷார் நான்கு நீளங்களில் மரப் பின்கட்டை செய்தார்கள்: வழக்கமானது, அதைவிட அரை அங்குலம் நீண்டது, அரை அங்குலம் குட்டையானது, ஓர் அங்குலம் குட்டையானது. அரை அங்குலம் என்பது 1.3 சென்டிமீட்டரைவிடக் குறைவு. கவச உடை இல்லாத காலத்திலேயே அவ்வளவு சிறிய வேறுபாட்டுக்காகத் தனி மரக்கட்டை செதுக்கினார்கள் என்றால், அதைப் போல இரு மடங்கு தடிமனைத் தோளில் ஏற்றிவிட்டு "பழகிக்கொள்" என்று சொல்வது எவ்வளவு பொருந்தாதது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முழங்கை அளவு ஏன் பொய்க்கிறது

துப்பாக்கி தனக்குப் பொருந்துமா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு. கையைச் செங்கோணமாக மடக்கி, பின்கட்டையின் முனையை முழங்கையின் உட்புற மடிப்பில் வைத்து, சுட்டுவிரல் விசையை எட்டுகிறதா என்று பார்ப்பார்கள். எட்டினால் துப்பாக்கி பொருந்தும் என்பது நம்பிக்கை. இந்த முறை கையை மட்டுமே அளக்கிறது. தோளின் மேல் என்ன இருக்கிறது என்பது அதன் கணக்கில் இல்லை. கவசம் அணிந்தவுடன் விசைத்தூரம் தாளில் எழுதியபடியே இருக்கும். ஆனால் உடலிலிருந்து விசை வரை உள்ள உண்மையான தூரம் கவசத்தின் தடிமன் அளவுக்குக் கூடிவிடும். கடையிலோ ஆயுதக் கிடங்கிலோ வெறும் சட்டையோடு நின்று பார்த்துத் தேர்ந்த அளவு, களத்தில் 3 சென்டிமீட்டர் பிசகுகிறது.

அமெரிக்கப் படையின் எம்16 ரைபிள் வரிசை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1980-களின் தொடக்கத்தில் மரீன் படையின் விருப்பத்தை ஒட்டி எம்16ஏ2 என்ற மாதிரி உருவானபோது, அதன் பின்கட்டையை முந்தைய மாதிரியைவிட 5/8 அங்குலம், அதாவது ஏறத்தாழ 1.6 சென்டிமீட்டர், நீட்டினார்கள். சுடுதளத்தில் சீருடை மட்டும் அணிந்து தொலைவு இலக்கைச் சுடும் உயரமானவருக்கு அந்த நீளம் வசதியாக இருந்தது. ஏறக்குறைய அதே காலத்தில்தான் புதிய கெவ்லர் மேலங்கியும் தலைக்கவசமும் அமெரிக்க வீரர்களுக்கு வழங்கப்பட்டுவந்தன. துப்பாக்கியின் பின்புறம் நீண்டது. வீரரின் முன்புறமும் தடித்தது. 1990-களின் இறுதியில் இன்டர்செப்டர் என்ற கவச உடை பீங்கான் தகடுகளோடு வந்து, இரண்டு தகடுகளுடன் 7.4 கிலோ எடையில் ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அன்றாட உடையானபோது, அந்த நீளமான பின்கட்டை பலருக்கும் பெரிய இடைஞ்சலாகியது.

இதுவரை சொன்னதைத் தொகுத்தால்: துப்பாக்கியின் பொருத்தம் விசைத்தூரத்தில் இருக்கிறது, கவசம் அந்தத் தூரத்தைத் தன் தடிமனால் கூட்டிவிடுகிறது, வெறும் கையை அளக்கும் முறைகளுக்கு அது தெரியாது.

நிற்கும் விதம் மாறுவது எதனால்

சுடும் போட்டிகளில் வீரர்கள் உடலைப் பக்கவாட்டில் திருப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இடது தோள் இலக்கை நோக்கி இருக்கும், வலது தோள் பின்னால் இருக்கும், இடது முழங்கை விலா எலும்பின் மேல் ஊன்றியிருக்கும். அசையாத இலக்கை நிதானமாகச் சுட இது மிகச் சிறந்த நிலை. படைகளும் நெடுங்காலம் இதையே கற்பித்தன.

கவசத் தகடு மார்பையும் முதுகையும் மூடுகிறது. அக்குள் பக்கம் கை அசைவதற்காகத் திறந்தே இருக்கிறது. பக்கவாட்டில் திரும்பி நிற்பவர் எதிரிக்குக் காட்டுவது தகட்டை அன்று, அந்தத் திறப்பை. அந்த வழியாக நுழையும் தோட்டா இரு நுரையீரல்களையும் இதயத்தையும் குறுக்காகக் கடந்து செல்லக்கூடும். ஈராக் போரின்போது அமெரிக்கப் படைகள் பக்கத் தகடுகளைத் தனியாகச் சேர்த்ததற்கு இந்த ஆபத்தே காரணம். பக்கத் தகடு சிறியது. அக்குளின் மேற்பகுதியை அதனாலும் மூட முடியாது. ஆகவே கவசம் அணிந்தவர் மார்பை எதிரியை நோக்கி நேராக வைத்து, முழங்காலைச் சற்று மடித்து, உடலின் பாரத்தை முன்பாதத்தில் போட்டு நிற்கிறார். நேர் நிலை என்று இதைச் சொல்லலாம்.

நேர் நிலையில் நிற்பவருக்கு இரண்டு தோள்களும் ஒரே கோட்டில் இருக்கின்றன. துப்பாக்கியின் முன்பகுதியைத் தாங்கும் இடது கை, பக்கவாட்டு நிலையில் எளிதாக எட்டிய இடத்தை இப்போது நீண்டுதான் எட்ட வேண்டும். இங்கே இரண்டு மாற்றங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன: கவசத்தின் தடிமன் துப்பாக்கியை முன்னே தள்ளுகிறது, கவசம் கட்டாயப்படுத்தும் நிலையோ கையின் எட்டத்தைக் குறைக்கிறது. கவசம் அணிந்தவருக்குக் குட்டையான பின்கட்டை வேண்டும் என்று சொல்வதன் முழுக் காரணம் இதுதான். தடிமனை மட்டும் கழித்துப் பார்த்து, "மூன்று சென்டிமீட்டர் குறைத்தால் போதும்" என்று கணக்கிடுபவர்கள் இரண்டாவது காரணத்தை மறந்துவிடுகிறார்கள்.

துப்பாக்கி முன்னால் நகர்ந்தால் அதன் பாரமும் முன்னால் நகர்கிறது. நாலு கிலோ எடையுள்ள ரைபிளின் எடைமையம் தோளிலிருந்து 35 சென்டிமீட்டரில் இருந்து 38-க்குப் போனால், கீழே இழுக்கும் திருப்பு விசை எட்டு, ஒன்பது விழுக்காடு கூடும். துப்பாக்கியின் எடை ஒரு கிராம்கூட ஏறாமலே கைக்குக் கனமாகத் தெரிவது இதனால்தான்.

பின்னுதைப்பும் வழுக்கலும்

தோட்டா முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கும் என்பது பள்ளி இயற்பியல். தோட்டாவின் எடையையும் வேகத்தையும் பெருக்கினால் அந்த உதையின் அளவு ஓரளவு தெரியும். 5.56 மில்லிமீட்டர் தோட்டா ஏறத்தாழ 4 கிராம், நொடிக்கு 900 மீட்டரை ஒட்டிய வேகம். இந்தியத் தரைப்படை 2019-இல் வாங்கத் தொடங்கிய சிக் 716 ரைபிளின் 7.62x51 தோட்டா ஏறத்தாழ 9.5 கிராம், நொடிக்கு 840 மீட்டரை ஒட்டிய வேகம். பெருக்கிப் பார்த்தால் இரண்டாவது, முதலாவதைப் போல இரு மடங்குக்கும் மேல்.

"கவசம் போட்டிருந்தால் உதையே தெரியாது, ஆகவே இன்னும் நன்றாகச் சுடலாம்" என்பது அடிக்கடி கேட்கும் கருத்து. முதல் பாதியில் உண்மை உண்டு: கவசம் உதையைப் பரவலாக்குவதால் தோள் வலிப்பது குறையும். இரண்டாம் பாதி அதிலிருந்து பிறக்கவில்லை. வெறும் தோளில் பின்கட்டை தசையின் குழிக்குள் பதிந்து நிற்கிறது. குழியே அதைப் பிடித்துக்கொள்கிறது. கவசத்தில் குழி இல்லை. வழவழப்பான நைலான் உறையும், அதன் கீழே தோள்வாரின் விளிம்போ தகட்டின் மூலையோதான் இருக்கின்றன. நேர் நிலையில் நிற்கும்போது பின்கட்டை கழுத்தை நோக்கி உள்ளே நகர்வதால் அது தகட்டின் மேல்மூலையில் ஏறி உட்காரும் வாய்ப்பும் கூடுகிறது. கடினமான இரு பரப்புகள் ஒன்றின் மேல் ஒன்று இருந்தால், முதல் உதைக்கே பின்கட்டை வழுக்கி அரை அங்குலம் வெளியே போகும். இரண்டாவது தோட்டாவுக்கு முன் கன்னமும் கண்ணும் மறுபடி தம் இடத்தைத் தேட வேண்டும். பின்கட்டையின் முனையில் ரப்பர் பட்டை வைப்பதும், கவசத்தின் தோள்பகுதியில் சொரசொரப்பான துணியைத் தைப்பதும் இதற்கான மருந்து. மிகச் சிறிய செலவு. மிகப் பெரிய பயன்.

கண் எங்கே நிற்கிறது

உருப்பெருக்கும் குறிநோக்கியில் முழுப் படமும் தெரிய, கண் அதன் பின்கண்ணாடியிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தூரத்தைக் கண் இடைவெளி என்பார்கள். மரீன் படையினர் பயன்படுத்திய, 4 மடங்கு பெரிதாக்கும் ஏகாக் குறிநோக்கிக்கு இது ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் மட்டுமே. கவசத்தால் துப்பாக்கி 30 மில்லிமீட்டர் முன்னே போனால், கண் இருக்க வேண்டிய இடத்துக்கும் இருக்கும் இடத்துக்கும் இடையே கிட்டத்தட்ட கண் இடைவெளியின் அளவுக்கே வேறுபாடு வந்துவிடும். படம் சுருங்கி, சுற்றிலும் கருவளையம் தோன்றும். வீரர் கழுத்தை முன்னே நீட்டி ஈடுகட்டுவார். கவசத்தின் கழுத்துப்பட்டியும் தலைக்கவசத்தின் தாடைவாரும் அதைத் தடுக்கும். அவற்றை மீறி நீட்டினாலும் கழுத்துத் தசை சில நிமிடங்களில் நடுங்கத் தொடங்கும்.

சிவப்புப் புள்ளிக் குறிநோக்கியில் இந்தத் தொல்லை மிகவும் குறைவு. கண்ணாடியில் தெரியும் ஒளிப்புள்ளியை இலக்கின் மேல் வைத்தால் போதும்; கண் அருகில் இருந்தாலும் தள்ளி இருந்தாலும் புள்ளி தெரியும். கவச உடையும் இவ்வகைக் குறிநோக்கிகளும் படைகளில் ஒரே காலத்தில் பரவியதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஆயினும் கவசம் அணிந்தவருக்கு இது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

குப்புறப் படுத்தால்

படுத்துச் சுடுவதுதான் மிக நிலையான முறை என்று எல்லா நாட்டுப் பயிற்சிகளும் சொல்கின்றன. கவசம் அணிந்தவருக்கு அதுவே மிகக் கடினமான நிலையாகிவிடுகிறது. தகடும், அதன் மேல் மாட்டிய தோட்டாப் பெட்டிப் பைகளும் மார்பைத் தரையிலிருந்து உயர்த்துகின்றன. உடல் உயர்ந்தால் முன்னே பார்க்கக் கழுத்தை இன்னும் பின்னுக்கு வளைக்க வேண்டும். அப்போது தலைக்கவசத்தின் பின்விளிம்பு கவசத்தின் பின்கழுத்தில் முட்டி, தலைக்கவசம் முன்னே சரிந்து கண்ணை மறைக்கிறது. குண்டுகள் பறக்கும் இடத்தில் ஒரு கையால் தலைக்கவசத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் சுட வேண்டிய நிலை எவ்வளவு கொடியது என்று சொல்லத் தேவையில்லை.

அமெரிக்கப் படைகளில் 1980-களில் வந்த பாஸ்கெட் (PASGT) என்ற கெவ்லர் தலைக்கவசத்தில் இந்தக் குறை நன்கு அறியப்பட்டது. 2000-களில் அதற்கு மாற்றாக வந்த தலைக்கவசத்தில் நெற்றி விளிம்பையும் பின்கழுத்து விளிம்பையும் குறைத்தார்கள். மூடும் பரப்பு கொஞ்சம் குறைந்தது. பார்க்கவும் சுடவும் முடிந்தது. பாதுகாப்புப் பொருளில் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது பாதுகாப்பைக் கூட்டக்கூடும் என்பதைப் பலர் ஏற்கத் தயங்குகிறார்கள். ஆனால் எதிரியைப் பார்க்க முடியாதவர் எவ்வளவு மூடப்பட்டிருந்தாலும் பாதுகாப்பாக இல்லை.

தகட்டைத் தாழ்த்துவது என்ற தவறு

இக்கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் உண்டு என்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கழுத்தின் அடியில், இரு காறை எலும்புகளும் நெருங்கும் இடத்தில், விரல் நுனி பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. முன் தகட்டின் மேல்விளிம்பு அந்தப் பள்ளத்தின் மட்டத்தில் நிற்க வேண்டும். இதயமும், அதிலிருந்து மேலெழுந்து வளைந்து இறங்கும் பெருந்தமனியும், நுரையீரலின் மேற்பகுதியும் அப்போதுதான் தகட்டின் பின்னால் வருகின்றன. அவற்றில் காயம் பட்டால் சில நிமிடங்களே கிடைக்கும். களத்தில் கட்டுப்போட்டு நிறுத்தக்கூடிய இரத்தப்போக்கு அன்று அது. வயிற்றின் கீழ்ப்பகுதிக் காயமும் ஆபத்தானதே. எனினும் அறுவை மேசை வரை கொண்டுசெல்ல நேரம் கிடைப்பதற்கான வாய்ப்பு அதில் அதிகம்.

துப்பாக்கி தோளில் சரியாகப் பொருந்தாதவர் என்ன செய்வார்? தோள்வாரைத் தளர்த்தி, தகட்டை நாலைந்து சென்டிமீட்டர் கீழே இறக்கிவிடுவார். உடனே தோள்குழி திறந்துகொள்ளும், பின்கட்டை சுகமாக அமரும், தாடையும் இடிக்காது, மூச்சும் எளிதாகும். அதற்கு விலையாக, தகடு எதை மூட வேண்டுமோ அதில் முக்கியமான பகுதி வெளியே வந்துவிடுகிறது. தொப்பையை மூடும் கனமான தட்டாக அது மாறிவிடுகிறது. செய்திப் படங்களில் தகடு வயிற்றில் தொங்கும் வீரர்களையும் காவலர்களையும் பல நாடுகளிலும் காணலாம். அவர்களைக் கவனமற்றவர்கள் என்று குறை கூறுவது எளிது. அவர்களில் பலர் தம் துப்பாக்கியைப் பயன்படுத்த முடிய வேண்டும் என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். பின்கட்டையின் நீளத்தை மாற்ற முடியாதபோது, மனிதர் மாற்றக்கூடிய ஒரே பொருளை, அதாவது கவசத்தின் உயரத்தை, மாற்றிவிடுகிறார். துப்பாக்கியின் பொருத்தமின்மை கவசத்தின் குறையாக உருமாறும் இடம் இது. எந்தத் தோட்டாவைத் தடுக்கும் என்ற சோதனைச் சான்றிதழ் இதைக் காட்டாது. சோதனைக் கூடத்தில் தகடு எப்போதும் சரியான இடத்திலேயே இருக்கிறது.

நீண்டு சுருங்கும் பின்கட்டை

தீர்வு கண்டுபிடிக்க வேண்டியதாக இல்லை, நெடுங்காலமாகவே இருக்கிறது. 1960-களில் வியட்நாம் போரின்போதே கோல்ட் நிறுவனம் எம்16-இன் குட்டை வடிவத்தில் நீட்டிச் சுருக்கக்கூடிய பின்கட்டையை வைத்தது. அதன் வழிவந்த எம்4 கார்பைன் (குட்டைக் குழல் ரைபிள்) 1994-இல் அமெரிக்கப் படையில் சேர்ந்தது. பின்கட்டையை முழுமையாகச் சுருக்கினால் எம்4-இன் நீளம் 75.6 சென்டிமீட்டர், முழுமையாக நீட்டினால் 83.8. இடையில் உள்ள 8 சென்டிமீட்டரில் பல படிகளில் நிறுத்தலாம். வண்டிக்குள்ளும் வானூர்தியிலும் இடம் மிச்சம் செய்யவே அது முதலில் வேண்டப்பட்டது. கவச உடை பரவலானபோது அதே வசதி ஒவ்வொருவரும் தம் தடிமனுக்கு ஏற்பத் துப்பாக்கியைப் பொருத்திக்கொள்ளும் வழியாயிற்று. நீளமான பின்கட்டையை விரும்பிய அதே மரீன் படை, 2015-இல் தன் காலாட்படைப் பிரிவுகளுக்கு எம்16ஏ4-க்குப் பதிலாக எம்4 வகையை முதன்மை ஆயுதமாக ஏற்றது. கனடா முழு நீள ரைபிளையே வைத்துக்கொண்டு, சி7ஏ2 மாதிரியில் பின்கட்டையை மட்டும் சுருங்குவதாக மாற்றியது. எனக்கு இந்த இரண்டாவது வழி மிகவும் பிடித்தது. குழலின் நீளத்தை இழக்காமல், சிக்கல் இருக்கும் இடத்தில் மட்டும் கை வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவில் நிலையான பின்கட்டையோடு பல லட்சம் பேர் கையில் இருந்த இன்சாஸ் ரைபிளுக்கு மாற்றாக, 2021 டிசம்பரில் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி உத்தரப் பிரதேசத்தின் அமேதி மாவட்டத்தில் தயாராகும் ஏகே-203 வருகிறது. அதன் பின்கட்டை மடங்கும், நீளமும் மாறும். கவச உடைப் பக்கத்தில் 2018-இல் 1,86,138 உடைகளுக்கு 639 கோடி ரூபாயில் ஒப்பந்தம் ஆனது. அதே ஆண்டில் ஐஎஸ் 17051 என்ற இந்தியத் தரநிலையும் வந்தது. இரண்டு பெரிய வரவுகளும் ஒரே தோளில்தான் சந்திக்கின்றன.

எல்லாத் துப்பாக்கியும் இந்த வசதிக்கு இடம் தருவதில்லை. தோட்டாப் பெட்டியும் இயங்கும் பாகங்களும் விசைக்குப் பின்னால் அமைந்த புல்பப் வகையில், பின்கட்டைக்குள்ளேயே இயந்திரம் இருப்பதால் விசைத்தூரத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது. பிரிட்டனின் எஸ்ஏ80, இந்தியச் சிறப்புப் படைகள் பயன்படுத்தும் தவோர் ஆகியவை இவ்வகை. இவற்றின் மொத்த நீளம் மிகக் குறைவு என்பதால் கவசம் அணிந்தவருக்கு இவையே வசதி என்று நினைப்பவர்கள் உண்டு. வண்டியிலிருந்து இறங்க அது உண்மை. தோளில் வைக்க எந்தத் தூரம் முக்கியமோ அந்தத் தூரம் வேறு.

சிறிய உடலுக்கு இருமடங்குச் சிக்கல்

உயரம் குறைந்தவருக்குக் கையும் குட்டை, மார்பும் குட்டை. பெரிய அளவுக் கவசம் அவர் தோளின் வெளிவிளிம்பு வரை மூடிவிடும். பின்கட்டையை வைக்க வெறும் இடமே இருக்காது. அமெரிக்கத் தரைப்படையில் பெண் வீரர்கள் இதைத் தெளிவாக எடுத்துரைத்தார்கள்: உடை நீளமாக இருப்பதால் உட்கார்ந்தால் தாடையில் முட்டுகிறது, தோள்பகுதி அகலமாக இருப்பதால் ரைபிளைத் தோளில் பொருத்த முடிவதில்லை. அதன் பயனாக 2012-இல் 101-ஆவது வான்வழிப் பிரிவின் பெண் வீரர்களிடம் புதிய அளவுகள் சோதிக்கப்பட்டன. தோள் குறுகிய, உடல் குட்டையான அந்த வடிவம் குறுகிய உடலுள்ள ஆண்களுக்கும் பொருந்துவதுதான். நம் நாட்டில் மத்திய ஆயுதக் காவல் படைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகிறார்கள். அவர்களுக்கு அளவு எடுக்கும்போது ரைபிளையும் கையில் கொடுத்து அளவெடுக்க வேண்டும் என்று கேட்பது மிகையான கோரிக்கை ஆகாது.

மீண்டும் சுருக்கமாக: சுருங்கும் பின்கட்டை எட்டத்தைச் சரிசெய்யும், ரப்பர் பட்டை வழுக்கலைத் தடுக்கும், சரியான அளவுக் கவசம் தோள்குழியைத் திறந்து வைக்கும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் முழுமையாக ஈடுகட்ட முடியாது.

கையாளுதலில் மற்றவை

தோளில் வைப்பதைத் தாண்டியும் கவசம் பல சிறு மாற்றங்களைக் கொண்டுவருகிறது. மார்பில் பைகள் இருப்பதால், தன் வாரில் தொங்கும் துப்பாக்கி அவற்றில் உரசி, பட்டைகளிலும் கொக்கிகளிலும் சிக்குகிறது. விசைப்பாதுகாப்புக் கட்டையைப் போட்டே வைத்திருப்பதும், சுடும் முடிவு எடுக்கும் வரை விரலை விசைக்கு வெளியே வைப்பதும் எப்போதும் தேவையான ஒழுக்கங்கள்தாம். கவசம் அணிந்தவருக்கு அவை இன்னும் கூடுதலாகத் தேவை, ஏனெனில் அவர் மார்பில் விசையில் மாட்டக்கூடிய பொருள்கள் அத்தனை இருக்கின்றன. தாடையைக் குனிய முடியாததால் தோட்டாப் பெட்டியைக் கண்ணால் பார்த்து எடுக்க முடியாது. எந்தப் பை எங்கே என்று கைக்குத் தெரிந்திருக்க வேண்டும். இறுக்கமான இடைப்பட்டை விலா எலும்பு விரிவதைத் தடுப்பதால், மூச்சை ஒரு கணம் நிறுத்திச் சுடும் பழக்கமும் மாறுகிறது. ஓடி வந்து நின்றவருக்கு அந்த ஒரு கணம்கூட எளிதில் கிடைப்பதில்லை.

இவை எல்லாவற்றையும் கவசம் அணிந்து பயின்றால்தான் உடல் கற்றுக்கொள்ளும். பல இடங்களில் ஆண்டுச் சுடும் தேர்வு வெறும் சீருடையில் நடக்கிறது. அங்கே பெற்ற மதிப்பெண், வீரர் களத்தில் இருக்கப்போகாத ஒரு நிலைக்கான மதிப்பெண். தேர்வையும், குறிநோக்கியைத் துப்பாக்கியோடு இசைக்கும் முதல் சுடுதலையும், பின்கட்டையை எந்தப் படியில் நிறுத்துவது என்ற முடிவையும், தகடு, தலைக்கவசம், நிரப்பிய பைகள் ஆகிய அனைத்தையும் அணிந்த நிலையில் செய்ய வேண்டும். அந்தப் படியைச் சாயத்தால் பின்கட்டைக் குழாயில் ஒரு கோடு போட்டுக் குறித்துவிட்டால், இருட்டில் அவசரமாக எடுத்துச் சரிபார்க்கும்போதும் ஒரு பார்வையில் தெரியும். குளிர்காலத்தில் உள்ளே கம்பளி உடை அணியும் மலைப்பகுதிகளில் இன்னொரு கோடும் தேவைப்படும்.